கொழும்பில் பிறந்த ஜாஸ் குரல்

பள்ளிவாசல்துறை மீன்வாடிகளில் வானொலி ஓயாது பாடும். ஜாஸ் பாடகி யோலன்ட் பாவனை மட்டும் நான் அதில் கேட்டதில்லை. கொழும்பில் பிறந்தவர். 1962இல் அமெரிக்காவின் லம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் ஜாஸ் குழுவில் பாடகி ஆனி ராஸின் இடத்துக்குப் போனார். லேசுப்பட்ட இடமா அது? சாக்ஸபோன்காரர் வாசித்ததற்குச் சுரத்துக்கொரு சொல்லாகப் போட்டு, அதே ஓட்டத்தில், மூச்சு முட்டாமல் பாட வேண்டும். 1963இல் நியூபோர்ட் ஜாஸ் விழாவிலும் பாடினார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கூட்டு முடிந்தது, ஆனாலும் அவர் ஓயவில்லை. நாடக மேடை ஏறினார். 1972இல் வெதர் ரிப்போர்ட் குழுவின் இசைத்தட்டிலும் குரல் கொடுத்தார். புத்தளம் சிரம்பியடியில் ஆப்பிரிக்க வம்சத்தார் பாடும் மஞ்சாவைக் கேட்ட காதுக்கு ஜாஸ் தாளம் அந்நியமல்ல. வானொலி நிலையத்தாரே, வாரத்தில் அரை மணி நேரமாவது பாவனுக்கு ஒதுக்குங்கள்.