கீசருக்குக் கீழே ஈரமா? கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டும் முன் கவனியுங்கள்!

ஐப்பசி மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் போதும், வீடுகளில் கீசர் சுவிட்சைத் தேட ஆரம்பிக்கிறார்கள். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடுகிற சென்னையில், ஏழெட்டு மாதமாக அந்தப் பக்கம் யாரும் திரும்பியிருக்க மாட்டார்கள். சும்மா கிடந்த அந்த மாதங்களில் இணைப்புக் குழாயின் ரப்பர் வாஷர் காய்ந்து விறைத்திருக்கும். மறுபடி சூடேறும்போது முதலில் கைவிடுவது பெரும்பாலும் அதுதான்.

சில நாள் கழித்து காலிங்பெல் அடிக்கும். "உங்க பாத்ரூம்ல ஏதாவது லீக் ஆகுதாங்க? எங்க சீலிங் பூரா ஈரமா இருக்கு." மேல் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லீங்களே, இங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. கீசர் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயோ பரணிலோ உட்கார்ந்திருக்கும். வெந்நீர்க் குழாய் சுவருக்குள் புதைந்திருக்கும். சொட்டுவது கண்ணில் படவே படாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். அது மாதக்கணக்கில் இறங்கினால் கீழே பெயின்ட் உப்பும், வெள்ளையாக உப்புப் பூக்கும். அதற்கப்புறம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, பூச்சையே பெயர்த்துத் தள்ளும். அந்தக் கட்டத்தில் பெயின்டர் வந்து பயனில்லை.

அதற்காக கீசரில் சொட்டும் எல்லாத் தண்ணீரும் பழுது அல்ல. இங்கேதான் பலர் ஆபத்தான தவறு செய்கிறார்கள்.

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் கீசரில் 25 டிகிரித் தண்ணீர் 65 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 400 மில்லி, அதாவது இரண்டு டம்ளர் அளவுக்குக் கூடுகிறது. குளிர்நீர் உள்ளே போகும் வழியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு பல கீசர்களில் தண்ணீரைத் திரும்பிப் போக விடாது. கூடுதல் தண்ணீரை அதன் பக்கத்திலுள்ள சின்ன மூக்கு வழியே சொட்டுச் சொட்டாக வெளியே விடும். சூடேறும்போது சொட்டி, சுவிட்சை அணைத்ததும் நின்றுபோனால் வால்வு வேலை செய்கிறது என்று அர்த்தம். இதைப் பார்த்துப் பதறி, அந்த மூக்கை எம்-சீல் வைத்தோ மரக்குச்சி செருகியோ அடைப்பவர்கள் உண்டு. போக வழியில்லாத அழுத்தம் டேங்கின் மீது திரும்பும். டேங்க் விரிசல் விடலாம், தெர்மோஸ்டாட்டும் பழுதாகியிருந்தால் வெடிக்கவும் செய்யலாம். மூக்கில் ஒரு மெல்லிய டியூபை மாட்டி, வளைவோ மடிப்போ இல்லாமல் பாத்ரூம் தரை வரை இறக்கி விட்டால் போதும்.

சுவிட்சை அணைத்து, ஆறின பிறகும் அந்த மூக்கு சொட்டிக்கொண்டே இருந்தால் கதை வேறு. வால்வில் உப்பு அடைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். 10 மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. ஆகவே பத்து மாடிக் கட்டடத்தில் மேல் வீட்டில் ஒழுங்காக ஓடும் அதே கீசர், தரைத்தள வீட்டில் திணறலாம். பிரஷர் பம்ப் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கீசர் எத்தனை பார் தாங்கும் என்பது அதன் லேபிளிலேயே இருக்கும். வாங்கும்போது ஸ்டார் ரேட்டிங்கைப் பார்க்கிற நாம் இதைப் பார்ப்பதில்லை.

கீசரின் அடிவயிற்றிலிருந்தே, துரு நிறத்தில் தண்ணீர் கசிந்தால் டேங்க் ஓட்டையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒட்டுப்போட்டு நாளைக் கடத்துவது வீண்செலவு, புதிது வாங்குவதே மேல். ஆனால் அந்த நிலை சீக்கிரம் வராமல் தள்ளிப்போட முடியும். டேங்குக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கிறது. டேங்கை அரிக்க வேண்டிய துரு முதலில் இந்தத் தண்டைத்தான் தின்னும். தண்டு தீர்ந்தால் அடுத்தது டேங்க். போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்து, கழற்றிய தண்டைக் கண்ணெதிரே காட்டச் சொல்வது நல்லது. குச்சியாக மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

கசிவு இணைப்பிலா, சுவருக்குள்ளா என்று தெரியவில்லையா? கீசரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு நட்டிலும் உலர்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றி அரை மணி நேரம் விட்டால் நனைந்த பேப்பர் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாப் பேப்பரும் காய்ந்தே இருந்து, கீழ் வீட்டு ஈரமும் குறையாவிட்டால் சுவருக்குள் சந்தேகப்பட வேண்டும். கீசரை அணைத்திருந்தாலும் வெந்நீர்க் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் அழுத்தம் நிற்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அங்கே சாதாரண பிவிசி போட்டிருந்தால் சூட்டில் இளகிவிடும், சிபிவிசிதான் சரி. குழாயைச் சுவருக்குள் மறைப்பது அழகுதான். பழுது வந்தால் உடைபடுவது டைல்ஸ்!

கசிவைப் பார்த்ததும் கை முதலில் போக வேண்டியது எம்சிபி-க்கு, வால்வுக்கு அல்ல. கீசரின் அடி மூடிக்குள்தான் மின் இணைப்புகள் இருக்கின்றன. அங்கே தண்ணீர் புகுந்து, எர்த்தும் சரியில்லை என்றால் குழாயைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். உலர்ந்த கையால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அப்புறம் குளிர்நீர் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு பிளம்பருக்கு போன் போடலாம். வருடக்கணக்கில் திருகாத வால்வு அவசரத்தில் இறுகி நிற்கும். மாதம் ஒருமுறை அதை மூடித் திறந்து வைப்பது நல்லது.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போதும் இதே வரிசைதான், முதலில் சுவிட்ச், பிறகு வால்வு. திரும்பி வந்ததும் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராகக் கொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.