சுத்தியலா, மண்வெட்டியா?

மோட்டார் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ராமேசுவரம் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் உண்டு. அரிச்சல்முனைக்கே 2017-ல் சாலை வந்துவிட்டது.

கூடாரத்துக்கு முளை அடிக்க வேண்டும். எதைக்கொண்டு அடிப்பது? சிலர் கையில் அகப்பட்ட கல்லால் அடிக்கிறார்கள். முளை வளைகிறது, விரல் நசுங்குகிறது.

வண்டியில் சுமை கூடாது. ஆகவே, அரைக் கிலோ சுத்தியல் போதும். மறுமுனையில் கொக்கி இருந்தால், முளையைப் பிடுங்கவும் உதவும். ராமநாதபுரத்துக் கரிசல் மண் காய்ந்தால் கல்லாகிவிடும். அங்கே இந்தச் சுத்தியல் வேண்டும்.

கடற்கரையில் கதை வேறு. மணலில் முளை எளிதாக இறங்கும். காற்றடித்தால் எளிதாகப் பிடுங்கிக்கொள்ளும். அங்கே சிறிய மண்வெட்டியே கருவி. ஒரு பையில் மணலை நிரப்பி, அதில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைக்க வேண்டும். அது அசையாது.

ஆனால், புயலுக்கு முன் எந்தக் கருவியும் நிற்காது. 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடிக்குப் போன ரெயிலையே கடல் வாரிக்கொண்டது. கூடாரம் எம்மாத்திரம்?

பாம்பனில் புயல் கூண்டு ஏறிவிட்டால், முளை அடிக்கக் கூடாது. மூட்டையைக் கட்டவேண்டும். அதுவே புத்திசாலித்தனம்.