சர்க்கரை குறைந்தால் என்ன ஆகும்?

"சர்க்கரை கூடிவிட்டது" என்றால் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். "குறைந்துவிட்டது" என்றால், "நல்லதுதானே!" என்கிறார்கள். இது தவறு. அளவுக்கு மீறிக் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த ஆபத்து சில நிமிடங்களிலேயே வரக்கூடும்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். 2023-ம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின் கணக்கு இது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. நல்ல காரியம். ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

மாத்திரை வந்துவிட்டது. வேளைக்குச் சாப்பாடு வந்ததா? அங்கேதான் சிக்கல்.

மாத்திரை காத்திருக்காது

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் உடலில் இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. ஊசியோ இன்சுலினை நேராகவே செலுத்துகிறது. சாப்பிட்டாரா, இல்லையா என்று இவை பார்ப்பது இல்லை. விரதம், வாந்தி, வழக்கத்துக்கு மேல் உழைப்பு, வெறும் வயிற்றில் மது, இதில் ஒன்று சேர்ந்தாலும் சர்க்கரை சரிந்துவிடும். சிறுநீரகம் பழுதான முதியவர்களுக்கு மருந்தின் வேகம் எளிதில் தணியாது. அவர்களுக்கு ஆபத்து அதிகம். (மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.)

100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால், அது தாழ்வு. 54-க்கும் கீழே போனால் மூளை தடுமாறும். உடல் வியர்க்கும். கை நடுங்கும். காரணம் இல்லாமல் கோபம் வரும். பேச்சு குழறும். தெருவில் இப்படித் தள்ளாடுகிறவரைக் "குடிகாரன்" என்று ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள். பாவம், அவர் பசியோடு மாத்திரை போட்டவராக இருக்கலாம்!

நினைவு இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்கவேண்டும். 15 நிமிடம் கழித்தும் ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுக்கவேண்டும். பிறகு சாப்பாடு. நினைவு இல்லையா? வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்குப் போன் செய்யவேண்டும்.

ஊஞ்சல் ஆட்டம்

பயத்தில் லட்டும் சோறும் வாரிக் கொடுக்கிறவர்கள் உண்டு. சர்க்கரை 300-க்குத் தாவுகிறது. அதைக் கண்டு ஊசி மருந்தைக் கூட்டிப் போட்டால் மறுபடியும் பாதாளம்தான்! அடிக்கடி இப்படிச் சரிந்தவர்களுக்கு, நாளடைவில் நடுக்கமும் வியர்வையும்கூட வராமல் போகலாம். முன்னறிவிப்பே இல்லாமல் மயங்கி விழுவார்கள்.

ஏற்றமும் பொல்லாததுதான். தீராத தாகமும் அடிக்கடி சிறுநீரும் அதன் அடையாளம். இன்சுலினே சுரக்காத பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். "காய்ச்சல், சாப்பிடவில்லை" என்று அவர்களுக்கு ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தத்தில் அமிலம் ஏறி, வாந்தியும் பெருமூச்சும் வருகின்றன. அதன் பிறகு ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக்கூடாது.

பாட்டிக்கு வேறு கணக்கு

80 வயதுப் பாட்டிக்கும் 30 வயதுப் பேரனுக்கும் ஒரே அளவு வேண்டியதில்லை. பேரனுக்கு மூன்று மாதச் சராசரி 7 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று சொல்லும் டாக்டர், தளர்ந்த முதியவருக்கு 8 இருந்தாலும் போதும் என்கிறார். வீட்டார்தான் கேட்பது இல்லை. "இன்னும் குறையுங்கள்" என்று வற்புறுத்துகிறார்கள்.

எப்போதோ ஒரு முறை பார்க்கும் அளவு, நள்ளிரவில் சரிவதைக் காட்டாது. அதற்கு வீட்டிலேயே சோதனைக் கருவி வேண்டும். கருவியை ஒரு முறை வாங்கினால் போதும். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் புதிய பட்டை வேண்டும். கூலிக்காரக் குடும்பத்துக்கு அந்தச் செலவுதான் கட்டுபடி ஆகாதது. ஊசி போட்டுக்கொள்ளும் ஏழைக்கு மாத்திரையைப் போலவே இந்தப் பட்டையும் போதிய அளவு வீடு தேடி வரவேண்டும்.