கயிறு யார் கையில்?

2019இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவில் டெல்லியின் பிளடிவுட் குழு பாடியது. இப்படியான வெளிநாட்டுக் கச்சேரிகளில் ரசிகர்கள் மூவர்ணக் கொடி பிடிப்பதும், 'இந்தியன் என்பதில் பெருமை' என்று முழங்குவதும் வழக்கமாகிவிட்டன. இசையோடு எங்களுக்குச் சண்டை இல்லை, நாங்களும் ஆடுகிறோம். கேள்வி கொடியைப் பற்றியது.

2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த தலித் பெண் ஊராட்சித் தலைவரை இதே கொடியை ஏற்றவிடாமல் தடுத்தார்கள். சில நாள் கழித்து, மாவட்ட ஆட்சியர் வந்து நின்ற பிறகே அவர் ஏற்றினார். தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யச் சொல்லி, 2022இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடுமா? 2023இல் கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மசோதா வந்தபோது, அதை முன்நின்று எதிர்த்தவை அங்குள்ள இந்து அமைப்புகள். சட்டமன்றம் நிறைவேற்றியும் ஆளுநர் கையெழுத்திட மறுத்தார். அந்தப் பெருமை முழக்கம் அப்போது எங்கே போயிற்று?

தோழர்களே, 'பெருமைப்படு' என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் ஊர்க் கொடிக்கம்பத்தின் கயிற்றை யார் கை தொடலாம்? எல்லோர் கையும் என்று ஊரே சொல்லட்டும். அன்றைக்குச் சேர்ந்தே கொடி பிடிக்கிறோம்.