இஸ்திமாராவில் பெயர் இல்லாதவர்கள்

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிய வீடியோ என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு. நீட்டுப் போனட், வி8 எஞ்சின், சோபா மாதிரி முன் ஆசனம். அக்கரைப்பற்று றோட்டில் இப்படியொரு கார் போய் நாங்கள் கண்டதில்லை. ஆனால் இதே கார்களை வருசக்கணக்கில் ஓட்டிய ஆக்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். சவூதிக்கு ‘ஹவுஸ் ட்ரைவர்’ வேலைக்குப் போய் வந்த வாப்பாமார், மாமாமார், சாச்சாமார்தான் அவர்கள்.

செவர்லே கப்ரிஸ், ஃபோர்ட் கிரவுன் விக்டோரியா என்ற பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். அவர்களுடைய முகம் மாறும். 1990களின் கப்ரிஸ் ஏறத்தாழ 5.4 மீற்றர் நீளம். இரண்டு கார்களிலும் லொறிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டகம், அதன்மேல் பொடி. எஞ்சினின் பலம் பின்சில்லுகளுக்குப் போகும், முன்சில்லுகளுக்குத் திருப்பும் வேலை மட்டும்தான். அதனால் அவ்வளவு பெரிய கார் லேசாகத் திரும்பும். ஆனால் மணல் படிந்த றோட்டிலோ மழை விழுந்த தாரிலோ எக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட மிதித்தால் வால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரம் பிரேக்கைப் போட்டு மிதிக்கக் கூடாது. காலை மெதுவாக எடுத்து, வால் போகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். ஊரில் வலப்பக்க ஸ்டியரிங்கில் இடப்பக்கமாக ஓடிப் பழகியவர்கள், அங்கே எல்லாவற்றையும் மாற்றிப் பிடித்து இதைக் கற்றார்கள்.

இந்தக் கார்களுக்கு வளைகுடாவில் இருந்த மவுசு சும்மா இல்லை. அமெரிக்காவில் கப்ரிஸ் உற்பத்தி 1996இல் நின்ற பிறகும், அதே பெயரில் அவுஸ்திரேலியாவில் செய்த காரை வளைகுடாவில் விற்றார்கள். 2011 செப்டெம்பர் 15இல் கனடாவின் சென். தோமஸ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கடைசி கிரவுன் விக்டோரியா, சவூதிக்கு அனுப்புவதற்காகச் செய்யப்பட்டது. அங்கே பெற்றோலும் அப்படி. 2015 முடியும்வரை 91 ஒக்டேன் லீற்றர் 45 ஹலாலாதான், அரை ரியாலும் இல்லை. எங்கள் நாட்டில் 2022இல் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதும், கியூஆர் கோட்டில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. கப்ரிஸின் டாங்கி 80 லீற்றருக்கு மேல் கொள்ளும். ஒரு டாங்கி நிரப்ப ஒரு மாதப் பங்கு வேண்டும்!

இங்கேதான் எங்கள் கருத்து வருகிறது. கார் விரும்பிகள் ‘வைத்திருந்து ஓட்டினேன்’ என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரருக்கு அது இரண்டு வேறு விசயம். வருசக்கணக்கில் கழுவியவர், ஒயில் மாற்றியவர், எஞ்சின் சத்தத்தை வைத்தே நோயைச் சொன்னவர் இவர். இஸ்திமாராவில் இருந்ததோ கபீலின் பெயர். காரின் பதிவில் பெயர் இல்லாமல் போனதைக்கூட விடலாம். தொழிலாளி என்ற கணக்கிலேயே அவர் பெயர் சரியாக இல்லை என்பதுதான் எங்கள் கோபம்.

சவூதிச் சட்டத்தில் ஹவுஸ் ட்ரைவர் வீட்டுப் பணியாளர் வகைக்குள் வருகிறார். 2021 மார்ச்சில் தனியார் துறைத் தொழிலாளர்கள் கபீலின் அனுமதி இல்லாமல் வேலை மாறவும் நாட்டைவிட்டு வெளியேறவும் வழி திறந்தபோது, வீட்டுப் பணியாளர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் பணிப்பெண்ணாகப் போய்ப் பட்டதை நாங்கள் ஓரளவாவது கதைக்கிறோம். அதே வீட்டின் வாசலில், பிள்ளைகளைப் பள்ளிக்கு இறக்கிவிட்டு அடுத்த அழைப்புக்காக நடுச்சாமம்வரை காத்திருந்த ட்ரைவரைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆம்பிளைதானே, சமாளிப்பார் என்று விட்டுவிட்டோம். அவர்களும் காரின் பெருமையை மட்டும் சொல்லி மற்றதை விழுங்கிவிடுகிறார்கள்.

2018 ஜூன் 24இலிருந்து சவூதிப் பெண்கள் தாங்களே வாகனம் ஓட்டுகிறார்கள். அது நியாயம், சந்தோசம். அதேநேரம், அவர்கள் ஓட்டக் கூடாது என்றிருந்த தடையில் எத்தனை ஹவுஸ் ட்ரைவர் விசாக்கள் தங்கியிருந்தன என்பதையும் யோசிக்க வேண்டும். ஒருவருடைய உரிமை மறுப்பு இன்னொருவருடைய பிழைப்பாக இருந்தது. இதைச் சிக்கலோடு சேர்த்தே எழுத வேண்டும்.

‘சம்பளம் எடுத்தாங்கதானே, வீடு கட்டினாங்கதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அந்தக் காசில்தான் எங்களில் பலர் படித்தோம். ஆனால் சம்பளம் உழைப்புக்கான கூலி மட்டும்தான். கற்ற தொழிலுக்கு மதிப்பு யார் கொடுத்தது? ஊருக்குத் திரும்பியவர் மறுபடி வெறும் ‘சவூதி ட்ரைவர்’. அனுபவத்தால் கற்ற திறனைப் பரிசோதித்து என்விகியூ சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு இந்த நாட்டில் இருக்கிறது. திரும்பி வருகிற ட்ரைவர்களிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை ஊர்ச் சங்கங்கள் எடுக்கலாம்.

ஒலுவிலில் கலைப்பீடத்தில் இருக்கும் எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. புலம்பெயர் உழைப்பு என்று நோட்ஸ் எழுதுகிறோம், ஆய்வுத் தலைப்புக்கு அலைகிறோம். ஒரு ஃபோனில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, அசருக்குப் பிறகு இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். முதலில் காரைப் பற்றிக் கேளுங்கள், தாராளமாகச் சொல்வார்கள். பிறகு எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எங்கே படுத்தீர்கள், பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள்.