வெற்றிக் காசை வீசாதீர்! சான்றாகச் சேமிப்பீர்!

நாணயம் வெறும் உலோகத் துண்டன்று. அஃது அரசின் வாய்மொழி. கல்லில் எழுப்பிய வெற்றிச் சின்னத்தைக் காணாது விலகிச் செல்லலாம். காசை விலக்க முடியுமா? முடியாது. சட்டம் அதனைச் செல்லுபடியாகும் பணமாக்கிவிட்டது. நெல் விற்ற கமக்காரரும், கட்டணம் பெறும் சட்டத்தரணியும் அதனை வாங்கியே தீரவேண்டும்.

இலங்கை மத்திய வங்கி, தரைப்படையின் ஐம்பதாண்டு நிறைவுக்கு 1999 இலும், கடற்படைக்கு 2000 இலும், விமானப்படைக்கு 2001 இலும் ஒரு ரூபா ஞாபகார்த்தக் குற்றிகளை வெளியிட்டது. தமிழர் தாயகத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலம் அது!

2009 நவம்பரில் வந்தது ஆயிரம் ரூபா ஞாபகார்த்தத் தாள். ஒரு புறம் கைகளை உயர்த்திய மகிந்த ராஜபக்ச. மறுபுறம் கொடியேற்றும் படைவீரர். அதிலுள்ள திகதி 2009 மே 20. அந்தப் போரின் இறுதிக் கட்டத்தில் மாண்ட குடிமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்பதை 2011 இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு எடுத்துரைத்தது. தாளின் பெறுமதியைத் தமிழிலும் அச்சிட்டார்கள். தமிழரின் துயரத்தை எம்மொழியிலும் அச்சிட்டார்களில்லை!

"இத்தகைய காசும் தாளும் எம் வீட்டில் எதற்கு?" என்று நம்மவர் சிலர் சினக்கின்றனர். சினம் நியாயமே, முடிவு தவறு. எதிர்த்தரப்பினர் தம் கையால் எழுதிய ஒப்புதலைக் கிழித்தெறியும் வழக்காளி உண்டோ? அரசு எதனைப் போற்றியது, எவரை மறந்தது என்பதற்கு அரசே அச்சடித்துத் தந்த சான்றுப்பொருள் இது. இதனைப் பாதுகாப்பது நம் கடமை.

ஆயின், அறிந்து சேர்த்தல் வேண்டும். ரூபாப் பெறுமதியும் வெளியிட்ட நாட்டின் பெயரும் ஆண்டும் உள்ளதே நாணயம். படைப்பிரிவுகள் தம்மவர்க்கு வழங்கும் வில்லைகளிலும் பதக்கங்களிலும் பெறுமதி இராது. அவற்றைக் காசெனக் கொண்டு ஏமாறவேண்டாம். குற்றியைத் தேய்த்து மினுக்காதீர், தாளை மடியாதீர். கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி உறையிலிட்டு வையுங்கள். குறிப்பில்லாத சான்று ஊமைச் சான்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 ஆம் நாள் இரவோடிரவாக இடிக்கப்பட்டது. மாணவரும் மக்களும் கொதித்தெழுந்த பின்னரே மீண்டும் கட்டப்பட்டது. வென்றவரின் நினைவுக்கு மத்திய வங்கியின் முத்திரை. மாண்டவரின் நினைவுக்கு இடிக்கும் இயந்திரமா? இதுதான் சமத்துவமா என்று கேட்கின்றோம்.

இந்நாட்டில் மாண்ட குடிமக்கள் அனைவருக்காகவும், எவ்வினத்தவராயினும், ஒரு குற்றியேனும் வார்க்கப்படும் நாளில் சமாதானம் என்னும் சொல்லை நாம் நம்புவோம். அந்நாள் வரும்வரை, வெற்றிக் காசுகள் நம் பெட்டகங்களில் சாட்சிகளாக இருக்கட்டும்!