சிறுதேர் உருட்டலாம், சிறு டாங்கி ஆகாதோ?

எம் ஊர்ப்பக்கத்துப் பள்ளியொன்றில் அண்மையில் அறிவியல் கண்காட்சி நடந்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், லெகோ கட்டைகளால் தானே வடிவமைத்துக் கட்டிய விஜயந்தா டாங்கியைக் கொண்டுபோயிருந்தான். 'வன்முறையை வளர்க்கும் பொம்மை' என்று சொல்லி அதை மேசையிலிருந்து எடுக்கச் செய்துவிட்டனர். அடுத்த மேசையில் அட்டையால் செய்த ஏவுகணை ஒன்று மாலை வரை நிமிர்ந்து நின்றது. அதற்குத் தடை ஏதுமில்லை. இத்தீர்ப்பு சரியே என்று நண்பர்கள் சிலர் எம்மிடம் வாதிட்டனர். அவர்களுக்கே இம்மறுப்பு.

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஊரை நினைக்க வேண்டா. நாம் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். சிமெண்ட் ஆலையால் அறியப்பட்ட ஊர். சுற்றுவட்டாரமெங்கும் பட்டாசு ஆலைகள். அச்சிறுவனின் தாயும் அவற்றுள் ஒன்றில்தான் வேலை செய்கிறார்.

முதலில், அவன் செய்தது என்ன என்று பார்ப்போம். விஜயந்தா, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான டாங்கி. முதல் வண்டி 1965 இறுதியில் வெளிவந்தது. இன்று அது படையில் இல்லை. அதன் அகலம் ஏறத்தாழ 3.17 மீட்டர். லெகோ கட்டையில் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். பன்னிரண்டு குமிழ் அகலத்தில் கட்டினால் அளவு ஏறத்தாழ 33இல் ஒரு பங்கு ஆகிறது. இதை அவனே வகுத்துக் கண்டான். மெல்லிய தட்டின் கனம் 3.2 மில்லிமீட்டர், ஐந்து தட்டுகளை அடுக்கினால் 16. இரண்டு குமிழ்களின் அகலமும் அதுவே. இக்கணக்குப் பிடிபட்ட பிறகே கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்திச் சுழல்கோபுரத்தை அமைக்க அவனுக்குக் கைவந்தது. முன்கவசத்தின் சரிவு மட்டும் மூன்று முறை உடைந்து விழுந்தது. பெட்டியோடு வரும் படத்தைப் பார்த்து அடுக்குகிறவனுக்கு இந்த உழைப்பு தெரியாது.

நிற்க. கட்டும்போது அவன் எம்மிடம் கேட்ட வினா ஒன்றுண்டு: "ஐயா, உள்ளே எத்தனை பேர்? தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவார்கள்?"

நால்வர் என்றோம். தலைவர், சுடுபவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர். அவன் சிரித்துக்கொண்டு, "எங்கம்மா ரூமிலும் நாலு பேர்தான்" என்றான். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நால்வருக்கு மேல் கூடாது என்பது இப்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்த விதி. அவ்விதி மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் அறிவர். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இங்கே யாரும் மறக்கவில்லை.

அவ்வினாவிலிருந்து அவன் வெகுதூரம் சென்றான். ஆவடியில் அஜேயா என்ற பெயரில் கட்டப்பட்ட டி-72 டாங்கியில், சுழல்கோபுரத்தின் அடியில் வட்டத்தட்டில் 22 குண்டுகள்; அவற்றின் மேல்தான் ஆட்கள் அமர்கிறார்கள். அமெரிக்க ஆப்ராம்ஸில் பெரும்பாலான குண்டுகள் பின்புறத் தனியறையில், கதவுக்கு அப்பால் உள்ளன. வெடித்தால் கூரைத்தகடு பறந்து, தீ மேல்நோக்கிப் போய்விடும். மருந்தையும் மனிதரையும் பிரித்துவைப்பது எப்படி என்பதே இரண்டு இடத்திலும் கேள்வி. இதை வன்முறைப் பாடம் என்பார், வேறெதைப் பாதுகாப்புப் பாடம் என்பாரோ!

லெகோ நிறுவனமே இக்காலப் போர் வண்டிகளைச் செய்வதில்லையே என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான். ஜெர்மானிய அமைதி இயக்கத்தார் எதிர்த்தபின், 2020இல் ஆஸ்ப்ரே வானூர்திப் பெட்டியை வெளியீட்டுக்கு முன்பே அது கைவிட்டது. ஆனால் அதே நிறுவனம் 1999 முதல் ஸ்டார் வார்ஸ் போர்க்கலங்களை விற்றுவருகிறது. 2002இலும் 2012இலும் முதல் உலகப்போரின் சண்டை விமானங்களை விற்றது. பழைய போரும் கற்பனைப் போரும் விற்கலாம், நிகழ்காலப் போர் கூடாது என்பது ஒரு வணிகரின் ஏற்பாடு. அதை அறநூலாகக் கொள்ள நமக்கு என்ன கட்டாயம்?

நமக்கு நம் மரபே வழிகாட்டும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர். தேர் என்பது யாது? யானை, குதிரை, காலாளோடு சேர்ந்து நாற்படையுள் ஒன்று. போர்க்களத்து வண்டியின் சிறு வடிவைக் குழந்தை உருட்டுவதைப் பாடுவதில் நம் புலவர்கள் குற்றம் காணவில்லை. அதைத் தமிழ் வகுப்பில் நடத்திவிட்டு, அடுத்த அறையில் டாங்கியை மேசையிலிருந்து இறக்குவது எவ்வகை நியாயம்?

எதிர்ப்போர் கூற்றில் ஓர் உண்மை உண்டு. அதை மறைக்க மாட்டோம். போர்ப் பொம்மை, மூடிய பெட்டியாக நின்றால் சாவை மறைக்கும். பளபளப்பை மட்டும் காட்டும். ஈழத்தில் கவச வண்டிகள் என்ன செய்தன என்று அறிந்த நாம் அதை இலேசாகச் சொல்லவில்லை. எனில், செய்யவேண்டியது பெட்டியைத் திறப்பது.

அச்சிறுவன் அதைச் செய்திருந்தான். அவன் டாங்கியின் சுழல்கோபுரம் கையால் தூக்கினால் கழன்றுவரும். உள்ளே நான்கு சிறு உருவங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே வெளியேறும் வழி, அருகே சிவப்புக் கட்டைகளாகக் குண்டுகள். தீர்ப்புச் சொன்ன பெரியோர் ஒருவரும் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. கண்காட்சி முடிந்ததும் அவன் அதைத் துணிப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டான்.

அடுத்த ஆண்டும் கண்காட்சி வரும். நடுவராக அமர்வோரிடம் எம் வேண்டுகோள் ஒன்றே: பிள்ளை கொண்டுவருவதை விலக்குமுன், அதன் மூடியைத் திறந்து பாருங்கள்; அவன் கேட்டுவைத்திருக்கும் வினாவைக் கேளுங்கள். மருந்தறையில் தாயை வைத்திருக்கும் பிள்ளைக்கு அதைக் கேட்கும் உரிமை நம் எல்லோரையும்விட அதிகம்.